தோருனின் சாய்ந்த கோபுரம் ஏன் விழவில்லை?

போலந்தில் விஸ்துலா ஆற்றங்கரையில் இருக்கும் பழைய வணிக நகரம் தோருன். கோபர்நிக்கஸ் 1473-இல் பிறந்தது இங்கேதான். இங்கு வருபவர்கள் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. ஊர் மதிலை ஒட்டிய சாய்ந்த கோபுரத்தின் சுவரில் குதிகாலையும் முதுகையும் ஒட்டவைத்து, இரு கைகளையும் முன்னால் நீட்டி நிற்கப் பார்ப்பார்கள். பெரும்பாலானோர் சில நொடிகளில் முன்னால் தள்ளாடிவிடுவார்கள். பாவம் செய்யாதவர் மட்டுமே நிற்க முடியும் என்பது ஊர்க்கதை. விதியை மீறி ஒரு பெண்ணைக் காதலித்த டியூட்டானிக் வீரர் (ஜெர்மானியக் கிறிஸ்தவத் துறவி-வீரர் அமைப்பைச் சேர்ந்தவர்) ஒருவர், தன் நடத்தையைப் போலவே கோணலான ஒரு கோபுரத்தைக் கட்டவேண்டும் என்று தண்டிக்கப்பட்டாராம்.

கதை இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். கோபுரத்தின் உயரம் சுமார் 15 மீட்டர். அதன் உச்சி, செங்குத்திலிருந்து ஏறக்குறைய 1.4 மீட்டர் விலகி நிற்கிறது. கோணமாகச் சொன்னால் ஐந்து டிகிரிக்கு மேல். புகழ்பெற்ற பைசா கோபுரம் இன்று சாய்ந்திருப்பது சுமார் 4 டிகிரிதான்.

நம் உடலின் எடைமையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளக்கூடிய புள்ளி, தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில், வயிற்றுப் பகுதியில் இருக்கிறது. சாதாரணமாக நிற்கும்போது அந்த மையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு கணுக்காலுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் முன்னால் விழும். நம்மை நோக்கிக் கவிந்திருக்கும் சுவரில் ஒட்டி நின்றால், 1 மீட்டர் உயரத்தில் அது நம்மைக் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் முன்னுக்குத் தள்ளிவிடும். இரு கைகளும் சேர்ந்து உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அவற்றை நீட்டினால் மையம் இன்னும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நகரும். ஆக, கோடு கால்விரல் நுனிக்கு வந்துவிடுகிறது. அங்கே எடையைத் தாங்கப் போதிய பிடிமானம் கிடையாது. நீளமான பாதம் உள்ளவர்களுக்கு அதிக வாய்ப்பு. பாவபுண்ணியம் பாத அளவில் போய் முடிகிறது!

சரி, மனிதர் விழுகிறார், கோபுரம் ஏன் விழவில்லை? அதன் எடைமையம் பாதி உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அது நகர்ந்திருப்பது சுமார் 70 சென்டிமீட்டர் மட்டுமே. அகலமான அடித்தளத்துக்கு அது பெரிய தூரமில்லை. எடைமையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு அடித்தளத்துக்குள் இருக்கும்வரை கட்டடம் கவிழாது. குட்டையாக இருப்பதுதான் இந்தக் கோபுரத்தின் பெரிய பலம். உயரமான கோபுரம் சாயச்சாய, தாழ்ந்த பக்கத்து மண்ணின்மேல் சுமை கூடும். சுமை கூடினால் மண் மேலும் அமுங்கும், சாய்வும் வளரும். உயரம் குறைவாக இருந்தால் இந்தச் சுழற்சி வேகமெடுக்காது. நிலையற்ற மண்ணில் எழுந்த இந்தக் கோபுரம் இடைக்காலத்திலேயே சாய்ந்துவிட்டது. ஆனாலும் நூற்றாண்டுகளாக நிற்கிறது.

கட்டிய காலத்தில் அதற்கு மூன்று சுவர்கள்தாம். ஊரைப் பார்த்த பக்கம் திறந்தே கிடந்தது. எதிரி கோபுரத்தைப் பிடித்தாலும் ஊர்க்காரர்களிடமிருந்து அவனுக்கு மறைவிடம் கிடைக்கக்கூடாது என்பது அந்தக் காலப் போர் உத்தி. காவல் வேலை முடிந்தபின் அது பெண்கள் சிறையாகவும் கொல்லன் பட்டறையாகவும் இருந்தது. நான்காவது சுவர் பின்னாளில் வந்ததுதான்.

இந்த மண்ணின் கதை பனியுகத்தில் தொடங்குகிறது. வடக்கிலிருந்து இறங்கிய பனிப்பாளங்கள் உருகியபோது, அந்த நீர் ஓடிய அகன்ற பள்ளத்தாக்கில்தான் தோருன் அமர்ந்திருக்கிறது. பனி விட்டுச்சென்றது மணலும் களிமண்ணும் ஆங்காங்கே கருங்கல் உருண்டைகளும். வெட்டிச் செதுக்க நல்ல பாறை இல்லை. 1233-இல் டியூட்டானிக் வீரர்களிடம் நகர உரிமை பெற்ற ஊர், களிமண்ணைச் சுட்டுத் தன்னைக் கட்டிக்கொண்டது. நகர மன்றம், தேவாலயங்கள், மதில், வணிகர் வீடுகள் எல்லாமே செங்கல். களிமண்ணில் கலந்திருக்கும் இரும்பு, சூளையின் வெப்பத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து துருவின் சிவப்பைப் பெறுகிறது. ஊர் முழுக்கச் சிவந்திருப்பது அதனால்தான். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கல் நீளவாட்டில், அடுத்தது குறுக்குவாட்டில் என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். குறுக்குக் கல் சுவரின் உள்ளே நுழைந்து முன்பக்கத்தை உட்பகுதியோடு பிணைக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, யாரும் படமெடுக்காத சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். மிஞ்சியதைத் தண்ணீர் விட்டு நீற்றி, மணலோடு குழைத்துப் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை இழுத்து மெல்ல மெல்ல மறுபடி கல்லாகும். தடித்த சுவரின் உள்ளே இது பல ஆண்டுகள் நடக்கும். அதுவரை சுவர் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். மண் மெதுவாக இறங்கும் இடத்தில் இந்தப் பொறுமை பெரிய வரம். நுண்ணிய விரிசல் விட்டாலும், மழைநீரில் கரையும் சுண்ணாம்பு அங்கேயே மீண்டும் படிந்து அதை அடைக்கும்.

யுனெஸ்கோ 1997-இல் இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இப்படிப்பட்ட சுவரைப் பழுதுபார்க்கும்போது சிமென்ட் பூசுவது எவ்வளவு கெடுதல் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுண்ணாம்புச் சாந்துள்ள சுவரில் ஈரம் இணைப்புகள் வழியே வெளியேறும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும், நீர் செங்கல்லுக்குள் தங்கும். போலந்தின் குளிரில் அது உறைந்து, கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருகும். அப்புறம் செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சாந்து உதிர்ந்தால் புதிதாகப் பூசிக்கொள்ளலாம், எழுநூறு வருடச் செங்கல்லுக்கு மாற்று கிடையாது.