ஆப்-ஆம்ப்: இதில் "செயல்" எது?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஆம்ப்ளிஃபயர் என்றால் கோயில் விழாவுக்கு வாடகைக்கு வரும் மைக் செட்டுதான். தமிழில் படித்துவிட்டு டிப்ளமோ சேரும் நம் பையன்களும் அந்த நினைப்போடுதான் ஆப்-ஆம்ப், அதாவது ஆப்பரேஷனல் ஆம்ப்ளிஃபயர், பாடத்தைத் திறக்கிறார்கள். அதற்குத் தமிழில் 'செயல்பாட்டுப் பெருக்கி' என்று பார்த்ததும், அப்படியானால் செயல்படாத பெருக்கி என்று வேறு ஒன்று இருக்கிறதா என்ற கேள்வி வருகிறது. நியாயமான கேள்வி.

'ஆப்பரேஷனல்' என்பதில் உள்ள ஆப்பரேஷன் கணிதச் செயல்: கூட்டல், கழித்தல், வகையிடல், தொகையிடல். எண்ணுக்குப் பதில் வோல்ட்டை வைத்துக் கணக்குப் போட்ட அனலாக் கணினிகளின் காலத்தில், 1947இல், ஜான் ரகாசினியும் உடனிருந்தவர்களும் எழுதிய கட்டுரையில் வந்த பெயர் இது. அப்போது எல்லாம் வால்வு, அதாவது வெற்றிடக் குழாய்தான். கடையில் இன்றும் கிடைக்கும் 741 என்ற ஆப்-ஆம்ப் ஐசி 1968இல் வந்தது.

சரி, எந்தக் கணக்கு? அதை ஐசி முடிவு செய்வதில்லை, சுற்றி நாம் வைக்கும் மின்தடையும் மின்தேக்கியும்தான் முடிவு செய்கின்றன. ஆப்-ஆம்ப்பின் உள்ளீட்டு முனைகள் இரண்டு, பிளஸ், மைனஸ். பிளஸ் முனையை கிரவுண்டில் கட்டிவிட்டால், எதிர்ப் பின்னூட்டம் (வெளியீட்டை மைனஸ் முனைக்கே திருப்பி அனுப்புவது) வேலை செய்துகொண்டிருக்கும்வரை மைனஸ் முனையும் ஏறக்குறைய பூஜ்ய வோல்ட்டிலேயே நிற்கும். முனைக்குள் மின்னோட்டம் போவதில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டும் போதும். உள்ளீட்டு மின்தடை வழியாக வரும் ஓட்டம் முழுவதும் பின்னூட்டப் பாதையில்தான் போயாக வேண்டும், ஆகவே உள்ளீட்டில் 1 கிலோ ஓம், பின்னூட்டத்தில் 10 கிலோ ஓம் என்றால் வெளியீடு மைனஸ் 10 மடங்கு.

பின்னூட்டத்தில் மின்தேக்கியை வைத்தால் கதை மாறுகிறது. உள்ளீட்டில் 100 கிலோ ஓம், மின்தேக்கி 1 மைக்ரோஃபாரட், இரண்டையும் பெருக்கினால் 0.1 நொடி, 1 வோல்ட் கொடுத்தால் வெளியீடு நொடிக்கு 10 வோல்ட் வீதம் சீராக இறங்கும். அதுதான் தொகையிடல். சப்ளை பிளஸ் மைனஸ் 15 வோல்ட் என்றால் ஒன்றரை நொடிக்குள் அடியில் முட்டி நின்றுவிடும், அதற்கப்புறம் கணக்கு செல்லாது. மின்தடையையும் மின்தேக்கியையும் இடம் மாற்றினால் வகையிடல். ஆனால் இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கும் என்பதால் மின்தேக்கியோடு சிறு மின்தடை ஒன்றைத் தொடராகப் போடுவார்கள்.

'பெருக்கி'யில் எனக்கு உடன்பாடில்லை, கணிதச் செயல் பேசும் இடத்தில் அது பெருக்கல் கணக்குப் போடும் சுற்று என்றே காதில் விழும், அப்படி மல்டிப்ளையர் ஐசி தனியாகவே இருக்கிறது. 'கணிதச்செயல் மிகைப்பி' என்றால் குழப்பமில்லை. கொஞ்சம் நீளம்தான். கடையில் 'செவன் ஃபோர் ஒன்' என்று கேட்டால் போதும்.