கணைய வீக்கத்துக்கு எந்த பாட்டில்?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மச்சானுக்குக் கணைய வீக்கம் என்று மதுரையில் சேர்த்தோம். சலைன் போடாமல் ஆர்எல் பாட்டில் மாட்டினார்கள். அதையும் மெதுவாகத்தான் விட்டார்கள். ஏன்?"

கணையம் சுரக்கும் நொதிகள் சிறுகுடலுக்குப் போன பிறகுதான் விழிக்க வேண்டும். பித்தக்கல் அடைத்தாலோ, குடி மிஞ்சினாலோ கணையத்துக்குள்ளேயே விழித்து, அதையே செரிக்கத் தொடங்கிவிடும். ரத்தக் குழாய்கள் கசியும், உடம்பு வறளும். அதற்குத்தான் பாட்டில்.

சரி, எந்த பாட்டில்? சலைன் என்கிற உப்புநீரில் லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம், அதே 154 குளோரைடு. ரத்தத்திலோ சோடியம் 140, குளோரைடு 100 சொச்சம். மீதி இடத்தைப் பெரும்பாலும் நிரப்புவது பைகார்பனேட். ரத்தம் புளிக்காமல் காப்பது அதுதான். லிட்டர் கணக்கில் சலைன் இறங்கினால் குளோரைடு கூடும், பைகார்பனேட் குறையும், ரத்தம் அமிலப் பக்கம் சாயும். அமிலச் சூழலில் கணையத்தில் தூங்கும் டிரிப்சினோஜன் என்கிற நொதி இன்னும் சுலபமாக டிரிப்சினாக விழிக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. விழித்த டிரிப்சின் பக்கத்தில் தூங்குவதையும் எழுப்பிவிடும்.

ஆர்எல் என்கிற ரிங்கர் லாக்டேட்டில் குளோரைடு 109 அளவுதான். கூடவே 28 லாக்டேட். தயிரைப் புளிக்க வைக்கிற லாக்டிக் அமிலத்துக்கு உறவுக்காரன்! புளிப்பைத் தடுக்க இதையா ஏற்றுவது? ஆனால் பாட்டிலில் இருப்பது அமிலம் அல்ல, அதன் சோடியம் உப்பு. கல்லீரல் லாக்டேட்டைச் சர்க்கரையாக மாற்றும்போது ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் பைகார்பனேட் மிஞ்சுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

இதன் மூலக் கரைசல் தவளையிடமிருந்து வந்தது. 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துப் பார்த்தார். குழாய்த் தண்ணீரில் கலந்தபோது துடித்தது, காய்ச்சி வடித்த நீரில் துடிக்கவில்லை. வித்தியாசம், குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம். தவளை ஆராய்ச்சிக்கெல்லாம் அரசு பணம் தர வேண்டுமா என்று கேட்பவர்களிடம் நான் இந்த பாட்டிலைத்தான் காட்டுவேன்.

2011இல் 40 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில், ஆர்எல் ஏற்றியவர்களுக்கு 24 மணி நேரத்தில் அழற்சி நன்றாகக் குறைந்தது. உயிரிழப்பும் குறையுமா என்பது இன்னும் தீராத கேள்வி.

அப்புறம் வேகம். கரை கசியும் கண்மாய்க்குள் மேலும் மேலும் தண்ணீர் விட்டால் பக்கத்து வயல்தான் மூழ்கும். இங்கே மூழ்குவது நுரையீரல். 2022இல் வெளியான ஆய்வில் 249 பேருக்கு ஆர்எல்லையே இரண்டு வேகங்களில் கொடுத்தார்கள். வேகமாகப் பெற்றவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு நீர் மிகுந்து தொல்லை வந்தது. நிதானமாகப் பெற்றவர்களில் 6.3. ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் வயிறு வலித்தால் "குடலேத்தம்" என்று விளக்கெண்ணெய் தடவி நீவிவிடுவார்கள். முதுகு வரை பாயும் வலியோடு வாந்தியும் இருந்தால் தயவுசெய்து அதில் நேரத்தைப் போக்காதீர்கள். முதல் 24 மணி நேரம்தான் முக்கியம்.

அந்த 2022 ஆய்வின் நிதான வேகம் கிலோவுக்கு மணிக்கு 1.5 மில்லி. மச்சான் 60 கிலோ என்றால் மணிக்கு 90 மில்லி. மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாயில் இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு. பாட்டில் சீக்கிரம் முடியட்டும் என்று குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தை நீங்களாகத் திருகிவிடாதீர்கள்.