அயர்ன் மேன் கவசத்தின் வெப்பக் கணக்கு

2008ஆம் ஆண்டு வெளிவந்த 'அயர்ன் மேன்' திரைப்படத்தில், ஆப்கானிஸ்தான் குகை ஒன்றில் சிறைப்பட்டிருக்கும் ஆயுத உற்பத்தியாளர் டோனி ஸ்டார்க், ஏவுகணைகளிலிருந்து உடைத்தெடுத்த உதிரிகளைக் கொண்டு, உள்ளங்கையில் அடங்கும் உலை ஒன்றைச் செய்து தம் மார்பில் பொருத்திக்கொள்கிறார். அது நொடிக்கு 3 ஜிகாஜூல் ஆற்றல் தரும் என்று அவரே கணக்கும் சொல்கிறார். கதாநாயகர்கள் இப்படி எண்ணைச் சொல்லி மாட்டிக்கொள்வது அரிது என்பதால், அந்த எண்ணையே பிடித்துக்கொள்வோம்.

நொடிக்கு ஒரு ஜூல் என்பது ஒரு வாட். ஆகவே ஸ்டார்க்கின் உலை 3 ஜிகாவாட் திறனுடையது. பெரிய அணுமின் நிலையங்களில் ஓர் உலை தரும் மின்சாரம் ஏறத்தாழ 1 ஜிகாவாட். அப்படிப்பட்ட மூன்று உலைகள் ஒருவர் நெஞ்சுக்கூட்டில் அமர்ந்திருக்கின்றன. உலையை அவ்வளவு சிறிதாக்கியது எப்படி என்ற கேள்வியைக் கதைக்கு நாம் தரும் சலுகையாக விட்டுவிடலாம். விட முடியாதது வெப்பம். அணுமின் நிலையத்தில் பிறக்கும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. எஞ்சியது கடலிலோ ஆற்றிலோ, கோபுரங்களின் வழியே காற்றிலோ கலந்தாக வேண்டும் என்பதால்தான் அந்நிலையங்கள் பெரும்பாலும் நீர்க்கரைகளில் நிற்கின்றன. ஸ்டார்க்கின் உலையில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே வீணாகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், முழுத் திறனில் இயங்கும்போது அந்த ஒரு பங்கே 30 மெகாவாட். 80 கிலோ எடையுள்ள மனித உடலை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 280 கிலோஜூல் போதும். அந்த வெப்பம் உடலுக்குள்ளேயே தங்கினால் ஒரே நொடியில் வெப்பநிலை நூறு பாகை உயர்ந்துவிடும். வில்லன் வரும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

அந்த உலையால் இயங்கும் கவசத்தை அணிந்துதான் ஸ்டார்க் படத்தில் பறக்கிறார். ஆனால் பறப்பதற்கு இவ்வளவு திறன் தேவையுமில்லை. பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரவுனிங், கைகளிலும் முதுகிலும் சிறு ஜெட் இயந்திரங்களைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே பறக்கிறார். அவற்றின் மொத்தத் திறன் ஆயிரம் குதிரைத்திறன் அளவு, அதாவது சுமார் 750 கிலோவாட். ஆனால் அந்தப் பறப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஒரு கிலோ ஜெட் எரிபொருளில் ஏறத்தாழ 43 மெகாஜூல் ஆற்றல் இருக்க, ஒரு கிலோ லித்தியம் அயனி மின்கலத்தில் ஒரு மெகாஜூல் அளவே அடங்குகிறது. அதே 750 கிலோவாட்டை நூறு கிலோ மின்கலத்திலிருந்து எடுத்தால் இரண்டு நிமிடங்களைச் சற்றே தாண்டலாம். ஆகவே பறக்கும் மனிதனுக்கு எதிராக நிற்பது புவியீர்ப்பு என்பதைவிட, ஒரு கிலோ எடைக்குள் எவ்வளவு ஆற்றலைத் திணிக்க முடியும் என்ற எல்லை என்பதே பொருத்தம்.

1963ஆம் ஆண்டு, வியட்நாமைக் களமாகக் கொண்டு வெளிவந்த முதல் அயர்ன் மேன் சித்திரக்கதையில் உலையின் இடத்தை நிரப்பியது டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டர் ஆற்றலை உண்டாக்குவதில்லை. வேறிடத்திலிருந்து வரும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மதகு அது. எனினும் அக்காலத்து அமெரிக்க வாசகருக்கு அச்சொல்லே ஒரு மந்திரமாக இருந்தது. அந்த டிரான்சிஸ்டரும் குகையில் பிறந்ததன்று. 1947 டிசம்பரில், நியூ ஜெர்சியிலிருந்த பெல் ஆய்வகத்தில், ஒரு பெரும் தொலைபேசி நிறுவனத்தின் பணத்தில் அது உருவானது. அதற்காக 1956ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசை ஷாக்லி, பார்டீன், பிராட்டன் ஆகிய மூவர் பகிர்ந்துகொண்டனர்.

என் பார்வையில், படத்தின் மிகப் பெரிய அறிவியல் பிழை மேற்சொன்ன கணக்குகளில் இல்லை. ஸ்டார்க்கின் நிறுவனத்துப் பொறியாளர்கள் கூடியும் செய்ய முடியாததை, அவர் குகையில் பழைய இரும்பைக் கொண்டு செய்துவிட்டார் என்று அவர்கள் திட்டு வாங்கும் காட்சியில்தான் அது இருக்கிறது. தனியொரு மேதை, ஒரு பட்டறை, ஓர் இரவு என்ற இந்தப் புராணம் அமெரிக்காவுக்கு மிகவும் பிடித்தமானது. அந்நாட்டின் உண்மையான தொழில்நுட்பப் பாய்ச்சல்களோ கூட்டத்தால் நிகழ்ந்தவை. அணுகுண்டைச் செய்த மன்ஹாட்டன் திட்டத்தில், உச்சக் கட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். திரைக்கதையும் இதை அறியாததன்று: குகையில் ஸ்டார்க்குக்கு யின்சென் என்ற துணைவர் இருக்கிறார். ஸ்டார்க்கின் உயிரைக் காப்பாற்றி, கவசம் செய்யவும் உதவிய பின் அவர் இறந்துவிடுகிறார். புகழ் முழுவதும் உயிர் பிழைத்தவருக்குச் சேர்கிறது.

இப்புராணத்தின் மூலவரான எடிசனின் கதையும் ஏறத்தாழ இதுவே. மென்லோ பார்க் ஆய்வகத்தில் மின்விளக்குக்கான கணக்குகளைப் போட்டவர் பிரான்சிஸ் அப்டன். கண்ணாடிக் குமிழ்களை ஊதியவர் லுட்விக் போம். இழைகளைக் கரியாக்கிப் பொருத்தும் நுண்பணியில் கைதேர்ந்தவர் சார்லஸ் பேச்சலர். 1880 ஜனவரி 27 அன்று அந்த விளக்குக்கு வழங்கப்பட்ட 223,898ஆம் எண் காப்புரிமையில் கண்டுபிடித்தவர் என்று இருப்பது ஒரே பெயர்: தாமஸ் ஏ. எடிசன்.