பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள்

சென்ற வாரம் ஓர் அம்மா கைப்பேசியை என் மேசைமேல் வைத்து, “பாருங்க மேடம், அவளே சொல்றா” என்றார். 11 நிமிட வீடியோ, ஐந்து வயதுப் பிள்ளை. “மாமா இங்க தொட்டாரா? பயப்படாத, அம்மா அடிக்க மாட்டேன். தொட்டாருதானே?” ஒவ்வொரு தடவையும் அவள் முதலில் அம்மாவின் முகத்தைத்தான் பார்க்கிறாள். இரண்டு தடவை இல்லை என்கிறாள். மூன்றாவது தடவை தலையாட்டுகிறாள். உடனே அம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுகிறார்.

என்னிடம் வருமுன்பே பாட்டி, அத்தை, பாலர் பள்ளி ஆசிரியை எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள். தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவுக்கும் வீடியோ போய்விட்டது. என்ன நடந்தது என்று இனி என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ஆள் ஒரு தப்பும் செய்யாதவராக இருந்தால் அவர் வாழ்க்கை போயிற்று. செய்தவராக இருந்தால், தப்பிக்க அவருடைய வக்கீலுக்கு இந்த வீடியோவே போதும்.

இதில் பிள்ளையின் சித்தப்பா வேறு, “தி ஹன்ட் படத்துல பாத்தீங்கல்ல, பிள்ளைங்க பொய் சொல்லும்” என்கிறார். கோலாலம்பூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கும் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு வயிறு எரிகிறது. 2012-இல் வந்த அந்த டேனிஷ் படத்தை இன்னொரு தடவை பாருங்கள். சிறுமி கிளாரா தன் பாலர் பள்ளியில் வேலை பார்க்கும் லூகாஸைப் பற்றி மனத்தாங்கலில் ஏதோ சொல்கிறாள், அவ்வளவுதான். பாலர் பள்ளித் தலைமையாசிரியை ஓர் ஆளைக் கூட்டிவருகிறார். அவர் பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கிறார், அவள் தலையாட்டுகிறாள். பிறகு, லூகாஸ் ஒன்றும் செய்யவில்லை என்று அவளே அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா நம்பவில்லை, நீ அதை மறக்கப் பார்க்கிறாய் என்கிறார். மற்றப் பிள்ளைகள் லூகாஸ் வீட்டு நிலவறையை வர்ணிக்கிறார்கள். அந்த வீட்டில் நிலவறையே கிடையாது! பெரியவர்கள் ஊட்டிய கதை அது. பிள்ளை பொய்க்காரி என்று அந்தப் படம் எங்கே சொல்கிறது?

இது சினிமாவில் மட்டும் நடப்பதில்லை. கலிஃபோர்னியாவில் மெக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கு 1983-இல் தொடங்கி 1990 வரை இழுத்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை இப்படித்தான் கேட்டார்கள். ஒருவர்மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை.

நம் மலேசியாவின் 2017-ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, வேறு சான்று இல்லாவிட்டாலும் பிள்ளையின் சாட்சியத்தை மட்டுமே வைத்து நீதிமன்றம் தண்டிக்கலாம். அவ்வளவு கனமான சாட்சியத்தை நாமே கெடுத்துவிடலாமா?

பிள்ளை தானாக வாய் திறந்தால் முகத்தில் பதற்றம் காட்டாமல் காது கொடுத்துக் கேளுங்கள். “சரி, அப்புறம்?” போதும். ஆள் பெயர், உறுப்பின் பெயர் எதையும் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே, தேதி, மணி போட்டு எழுதி வையுங்கள். மறுபடி கேட்காதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள். சம்பந்தப்பட்ட ஆளிடம் சண்டைக்கும் போகாதீர்கள். அண்மையில் நடந்தது என்றால் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். போலீசில் பிள்ளைகளிடம் பேசவே பயிற்சி பெற்ற டி11 (பாலியல், பெண்கள், சிறார் குற்ற விசாரணைப் பிரிவு) அதிகாரிகள் இருக்கிறார்கள். விசாரிப்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே 15999-ஐ அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். இப்போதே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.