மூன்றாம் நாள் நடுக்கம்

கதிர்காமத்துக் கொடியேற்றம் நெருங்கினால் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் குடிக்கிறவர்கள் பலர் ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள். நேர்த்தி வைத்துக் காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கப் போகிறார்கள், இனிச் சாராயம் தொடக் கூடாது. நல்ல விஷயம்தான். ஆனால் தினமும் அரைப் போத்தல் குடித்து வந்த ஒருவர் பொத்துவிலில் புறப்படும் அன்று நிறுத்தினால், மூன்றாம் நாள் குமணைக் காட்டுக்குள் இருப்பார். அவருடைய உடம்புக்கு மிக ஆபத்தான நாளும் ஏறக்குறைய அதுதான்.

ஈரலைக் காப்பாற்றத்தானே நிறுத்துகிறோம், அதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். அந்த ஆபத்து ஈரலிலிருந்து வருவதில்லை, மூளையிலிருந்து வருகிறது.

மூளையை அடக்கி வைக்கும் ‘காபா’ என்ற இரசாயனத்துக்கு மதுசாரம் துணை போகிறது. கிளப்பிவிடும் ‘குளூட்டமேட்’டை அமுக்குகிறது. மாதக்கணக்கில் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. அமுக்கத்தை ஈடுகட்டத் தன் பங்குக்குக் கிளர்ச்சியை ஏற்றிக்கொண்டே போகும். மாரியில் முகத்துவாரத்து மணல் திட்டுக்குப் பின்னால் வாவி ஏறுவது மாதிரி. திட்டு இருக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. வெட்டிவிட்டால் தண்ணீர் பாயும் வேகத்தைப் பாலமீன்மடுப் பக்கம் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மதுசாரம்தான் அந்தத் திட்டு.

கடைசியாகக் குடித்து 6 மணித்தியாலம் போனதும் கை நடுங்கத் தொடங்கும். வியர்வை, ஓங்காளம், படபடப்பு, நித்திரையின்மை எல்லாம் வரும். முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும். ஆளில்லாத மூலையைப் பார்த்துப் பேசுவார், உடம்பில் பூச்சி ஊருது என்று தட்டிக்கொண்டே இருப்பார், காய்ச்சலும் அடிக்கும். மந்திரத்துக்குப் பேர்போன ஊர் எங்களுடையது, ஆகவே பேய் பிடித்துவிட்டது என்று நூல் கட்ட ஓடுகிறவர்களும் உண்டு. நூலைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். இந்த நிலையில் உயிரே போகலாம் என்பதால் முதலில் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரச் சொல்லுங்கள்.

இன்னொரு தவறான முடிவும் இங்கேதான் பிறக்கிறது. நடுங்கும்போது ஒரு வாய் கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும். ‘பார்த்தியா, குடி இல்லாமல் இந்த உடம்பு நிற்காது’ என்பார்கள். நின்றது உண்மை. திட்டைத் திரும்பப் போட்டால் வெள்ளம் நிற்கத்தானே செய்யும்.

எல்லாருக்கும் இப்படி ஆகாது. எப்போதாவது கலியாண வீட்டில் குடிப்பவர் பயமில்லாமல் நிறுத்தலாம். விடிந்ததும் நடுக்கம் தீரக் குடிக்க வேண்டியிருப்பவரும், முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்தவரும் வைத்தியரிடம் காட்டாமல் திடீரென நிறுத்தவே கூடாது. ஆஸ்பத்திரியில் மூளையை அமைதிப்படுத்தும் டயசிபாம் போன்ற குளிசையைக் கொடுத்து, சில நாட்களில் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். வாவியை மெல்ல வடிய விடும் வேலை அது. ஈரல் கெட்டிருந்தால் டயசிபாம் உடம்பில் தேங்கும் என்பதால் லொராசிபாம் கொடுப்பதும் உண்டு. பாமசியில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் குளிசைகள் இல்லை இவை. சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சை நிறுத்திவிடும்.

அப்புறம் தயமின், அதாவது விற்றமின் பி1. குடிக்கிறவரின் குடலில் அது சரியாக உறிஞ்சப்படாது, சாப்பாடும் ஒழுங்காக இருக்காது. அது வற்றியிருக்கும்போது தயமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் சேலைனை ஏற்றினால், மிச்சமிருப்பதும் குளுக்கோஸை எரிக்கவே செலவாகி, நடையும் நினைவும் நிரந்தரமாகக் கெடலாம். களைப்புக்கு ஒரு சேலைன் ஏற்றிவிடுங்கள் என்று கேட்பவர்கள், தாம் குடிப்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சரி, ஈரலுக்கு வருவோம். மதுசாரத்தை உடைக்கும் வேலையில் மாட்டிக்கொண்ட ஈரல், கொழுப்பை எரிப்பதை ஒத்திப்போடுகிறது. அதனால்தான் முதலில் கொழுப்புப் படிகிறது. குடியை விட்டால் பெரும்பாலும் 2 முதல் 6 கிழமைக்குள் இந்தக் கொழுப்பு வடிந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் மன்னிக்கும் உறுப்பு வேறு இருக்கிறதா தெரியவில்லை. அழற்சி தணிய அதைவிடக் காலம் எடுக்கும். தழும்பு கட்டி இறுகிவிட்டால் முழுதாகத் திரும்பாது, ஆனாலும் அந்த நிலையில் நிறுத்தியவர், தொடர்ந்து குடிப்பவரைவிட நீண்ட நாள் வாழ்கிறார். கண் மஞ்சளித்தாலோ, வயிற்றில் நீர் கட்டினாலோ, இரத்தமாக வாந்தி வந்தாலோ செங்கமாரி மருந்து அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

செங்கமாரி என்றதும் மீன், முட்டையை நிறுத்திப் பத்தியம் போடுவதும் எங்கள் வழக்கம். குடியால் கெட்ட ஈரலுக்குப் புரதம் வேண்டும். பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும். இராப் படுக்க முன் ஏதாவது சாப்பிடுவதும் நல்லது. தலையிடிக்குப் பனடோல் போடுவதானால் வைத்தியரைக் கேட்டுத்தான், அதுவும் நாளுக்கு 500 மில்லிகிராம் குளிசை நான்கைத் தாண்டாமல்.

வருடாவருடம் நேர்த்திக்கு நிறுத்தி, ஊர் திரும்பியதும் தொடங்குபவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் நிறுத்தும்போது மூளை முன்னையதைவிடக் கடுமையாகக் கிளம்பக்கூடும். போன வருடம் நடுக்கத்தோடு போனது இந்த வருடம் வலிப்பாக வரலாம். நடக்கப் போவதானால் புறப்பட ஒரு மாதம் இருக்கும்போதே வைத்தியரிடம் போய் நிறுத்துங்கள். காட்டுக்குள் இறங்கும்போது நடுக்கம் எப்போதோ ஓய்ந்திருக்கும், ஈரலில் கொழுப்பும் வடிந்துகொண்டிருக்கும்.