மூன்று படலங்கள் சந்திக்கும் இடத்தில் தெரியும் கூர்முனை நிஜமா?

விளிம்பில் இழுத்துக் கட்டிய மீள்படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். ஒன்று இன்னொன்றை ஊடுருவக் கூடாது. இந்த நிபந்தனையோடு மொத்த ஆற்றலைச் சிறுமமாக்கினால், படலங்கள் சில இடங்களில் ஒட்டிக்கொள்ளும், சில இடங்களில் பிரிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஓடும் கோடுதான் கட்டற்ற எல்லை. அது எங்கே விழும் என்பதும் விடையின் ஒரு பகுதியே. மூன்று படலக் கணக்கைக் கணினியில் போடுபவர்கள் அடிக்கடி காட்டும் படத்தில், மேல் இரண்டு படலங்களுக்கான எல்லையும் கீழ் இரண்டுக்கான எல்லையும் சந்திக்கும் இடத்தில் ஒரு கூர்முனை இருக்கும். பெரும்பாலும் அது நிரலின் வேலைதான்.

இரண்டே படலங்கள் என்றால் தொல்லை குறைவு. இடைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டால், அது திறந்திருக்கும் இடத்தில் அதன் லாப்லாசியன் (ஒரு புள்ளியின் மதிப்பு சுற்றுப்புறச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) இரு படலங்களையும் கீழே அழுத்தும் சுமைகளின் வித்தியாசத்துக்குச் சமம். மேல் படலத்தின் சுமை அதிகமாக இருந்தால்தான் ஒட்டும் பகுதியே உருவாகும். இது பழைய தடைக் கணக்கு, அதாவது ஒரே படலம் அசையாத தடையின்மேல் படியும் கணக்கு. சீரான புள்ளிகளுக்கு (ஒட்டிய பகுதி ஊசிபோல் மெலியாத எல்லைப் புள்ளிகளுக்கு) அருகில் எல்லை வழவழப்பானது என்று கணிதவியலாளர் லூயிஸ் கஃபரெல்லி 1977-இல் நிறுவினார். சுமை மாறிலியாக இருந்தால் அந்த வழவழப்பைப் பகுமுறைச் சார்பு (அடுக்குத் தொடராக விரிக்கக்கூடியது) வரை உயர்த்தும் வழியை அதே ஆண்டில் கிண்டர்லேரரும் நிரன்பர்க்கும் காட்டினார்கள்.

மூன்றாவது படலம் வந்ததும் நிலைமை மாறுகிறது. சுமைகளை 1, 0, −1 என்று வைப்போம் (எதிர்க்குறி என்றால் மேல்நோக்கித் தள்ளுவது). மூன்றும் பிரிந்திருக்கும் இடத்தில் மேல் இடைவெளியின் லாப்லாசியன் 1 − 0 = 1. கீழ் இரண்டும் ஒட்டிய இடத்தில் அவை சராசரிச் சுமையான −½-ஐப் பகிர்ந்துகொள்கின்றன. மேல் இடைவெளிக்கு இப்போது 1½. அதாவது ஒரு எல்லையின் சமன்பாட்டில் வலப்பக்கம் நிற்கும் சார்பு (லாப்லாசியன் சமமாக வேண்டிய மதிப்பு), மற்ற எல்லையைத் தாண்டும்போது குதிக்கிறது. அந்த மற்ற எல்லையும் நமக்குத் தெரியாதது. தொடர்ச்சியான வலப்பக்கத்தை நம்பியிருக்கும் வழக்கமான உத்திகள் இங்கே அப்படியே செல்லாது.

ஆனாலும் கூர்முனை வருவதில்லை. சீரான சந்திப்புப் புள்ளிக்கு அருகில் இரண்டு எல்லைகளுமே தொடுகோடு தொடர்ச்சியாகத் திரும்பும் மேற்பரப்புகள் என்று ஒவிடியு சாவினும் ஹுய் யூவும் காட்டியிருக்கிறார்கள். என்ன, திரும்பும் வேகத்துக்கு மடக்கை அளவிலான கட்டுப்பாடுதான் கிடைக்கிறது.

இனி நிரல். பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டப்புள்ளியிலும் மூன்று படலங்களுக்கும் தனித்தனியே, நான்கு அண்டை மதிப்புகளின் கூட்டலிலிருந்து கட்ட அளவின் வர்க்கம் × சுமையைக் கழித்து 4-ஆல் வகுக்க வேண்டும். பிறகு மூன்றையும் சேர்த்து, மேலுள்ளது மேலேயே இருக்கும்படி சரிசெய்ய வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: நடுப்படலம் மேலே போய்விட்டால் அதை மட்டும் கீழே வெட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒட்டிய இரண்டு படலங்கள் சேர்ந்து நகர முடியாது. கணக்கு ஆற்றல் சிறுமம் அல்லாத இடத்திலேயே நின்றுவிடும். வரிசை மீறிய அடுத்தடுத்த படலங்களைச் சராசரியாக்குவதே சரி. மேலிருந்து கீழாக 1.0, 1.4, 1.3 என்று வந்தால் முதல் இரண்டும் 1.2 ஆகும், ஆனால் 1.2-க்குக் கீழே 1.3 நிற்கிறது, ஆகவே மூன்றும் சேர்ந்து 1.233. சராசரியாக்கியபின் மறுபடி பார்க்க மறக்காதீர்கள்.

அடுத்தது, எங்கே ஒட்டியிருக்கிறது என்று முடிவு செய்யும் விதம். “இடைவெளி 0.0001-க்குக் கீழ் இருந்தால் ஒட்டியது” என்று எழுதுவது எளிது. ஆனால் சீரான எல்லைக்கு அருகில் இடைவெளி ½ × சுமை வித்தியாசம் × தூரத்தின் வர்க்கமாகத்தான் வளர்கிறது. வித்தியாசம் 1 உள்ள பக்கம் கோடு 0.0141 நகரும், 1½ உள்ள பக்கம் 0.0115. கட்ட அளவு 0.001 என்றால் சந்திப்பில் இரண்டு மூன்று கட்ட அகலத்துக்கு ஒரு பொய்ப்படி தெரியும். அதைத்தான் முனை என்று வாசிக்கிறோம். 0.0001 போன்ற வாசல் மதிப்பே வேண்டாம். சராசரியாக்கும்போது எந்தப் படலங்கள் ஒன்றுசேர்ந்தன என்று ஒரு கொடியை (ஆம்/இல்லை குறியை) பதிந்து வைத்தால் போதும்.

கொடியை வைத்து வரைந்த பிறகும் கோணம் மீதமிருந்தால் அவசரப்பட வேண்டாம். திருப்பம் 1/|மடக்கை| போலக் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், இயல் மடக்கையில் தூரம் 0.01-இல் அது 0.217, 0.0001-இல் 0.109. பாதியாக நூறு மடங்கு உள்ளே போக வேண்டும். கட்டத்தை இரண்டு முறை பாதியாக்கிவிட்டு “கோணம் குறையவில்லை” என்று எழுதுவது அவசரம்.

நிரலைச் சோதிக்க ஒரு பரிமாணத்தில் ஒரு துல்லிய விடை: −1 முதல் 1 வரை, அதே சுமைகள். வலமுனை மதிப்புகள் மேலிருந்து கீழாக ½, −¼, −¼. இடமுனையில் ¼, ¼, −½. மூன்று படலங்களும் 0-வில் மட்டும் சந்திக்கும். வலப்பக்கம் கீழ் இரண்டும், இடப்பக்கம் மேல் இரண்டும் ஒட்டியிருக்கும். 0.5 என்ற இடத்தில் 0.125, −0.0625, −0.0625 வர வேண்டும். ஒரு பரிமாணத்தில் அண்டை இரண்டுதான், ஆகவே 2-ஆல் வகுக்கவும்.