சனிக்கிழமை வேலையையும் டொக்டரிடம் சொல்லுங்கள்

"என்ன வேலை செய்யிறீங்கள், தம்பி?"

"கடையில கணக்கு எழுதுறன், டொக்டர்."

மூன்று நாள் காய்ச்சலோடு வந்த அந்த இளைஞரிடம் நான் கேட்டதும் அவர் சொன்னதும் அவ்வளவுதான். டெங்குவாக இருக்கும் என்று நினைத்து இரத்தம் சோதிக்க அனுப்பினேன். குருதிச் சிறுதட்டுகளும் (பிளேட்லெட்) குறைந்திருந்தன. மறுநாள் ஆஸ்பத்திரி விடுதியில் அவர் கெண்டைக்காலைத் தொடவே விடவில்லை. கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. பக்கத்தில் நின்ற தாயார்தான் சொன்னார்: "சனிக்கிழமையில மாமாவின்ர வயலுக்கு வாய்க்கால் துப்பரவாக்கப் போறவன்."

எலிக்காய்ச்சல். அதற்குள் சிறுநீர் போவது நன்றாகக் குறைந்துவிட்டது. டயாலிசிஸ் செய்து பிழைத்துக்கொண்டார். ஆனால் முதல் நாளே தெரிந்திருந்தால் அன்டிபயோடிக்கை அன்றே தொடங்கியிருக்கலாம். நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

வன்னியில் ஒரு சம்பளத்தை மட்டும் நம்பி ஓடும் வீடுகள் குறைவு. கிழமை நாளில் கார்மென்டுக்கோ கந்தோருக்கோ போகிறவர், பெரும்போக நெற்செய்கை தொடங்கினால் சனி ஞாயிறில் களை பிடுங்கவும் வரம்பு கட்டவும் பூச்சிமருந்து அடிக்கவும் போகிறார். கேட்டால், "அது வேலையில்லை டொக்டர், மச்சானுக்கு ஒரு உதவி" என்பார். அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு, வெளியே தெரிந்தால் பிரச்சினை வருமோ என்ற பயமும் உண்டு. அந்தத் தயக்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் நோய் பிடித்தது அந்த ஒரு நாளில் என்றால், மற்ற ஐந்து நாளைப் பற்றி மட்டும் கேட்டு நான் என்ன கண்டுபிடிப்பது?

எலியும் மாடும் சிறுநீர் கழித்த தண்ணீரிலும் சேற்றிலும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி இருக்கும். காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும், நெடுநேரம் தண்ணீரில் ஊறிய தோல் வழியாகவும் அது உள்ளே போகும். காய்ச்சல் உடனே வராது. பெரும்பாலும் ஒன்று, இரண்டு கிழமை கழித்துத்தான் வரும். அதனால் காய்ச்சல் வரும்போது வயலுக்குப் போனதே பலருக்கு நினைவில் இராது. போன சனியோடு நிறுத்தாமல் அதற்கு முந்தைய சனிகளையும் எண்ணிப் பாருங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்துச் சிலர் இறந்தபோது முதலில் காரணம் பிடிபடவில்லை. பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது.

தடுப்புக்கு டொக்சிசைக்கிளின் குளிசை இருக்கிறது. வயலில் இறங்கும் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ (பிஎச்ஐ) கேட்டால் இலவசமாகக் கிடைக்கும். கமக்காரர் கூட்டங்களில் இதைப் பற்றிச் சொல்கிறார்கள். சனிக்கிழமை மட்டும் வயலுக்கு வருகிறவர் அந்தக் கூட்டங்களுக்குப் போவதில்லை. ஆகவே நீங்களாகவே போய்க் கேளுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் டொக்டரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. குளிசை எடுத்தாலும் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு வரத்தான் வேண்டும்.

உடம்பு நோகிறது என்று பார்மசியில் டைக்குளோபினாக் வாங்கிப் போடாதீர்கள். எலிக்காய்ச்சல் ஏற்கெனவே சிறுநீரகத்தைத்தான் பிடிக்கிறது. அந்த மாத்திரை அதை மேலும் கெடுக்கும். டெங்கு என்றாலும் அது ஆபத்தே. பரசிற்றமோல் போதும்.

பூச்சிமருந்து அடிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. அன்று மாலையோ இரவோ வாந்தி, அளவுக்கு மீறிய வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது, கண் மங்குவது என்று தொடங்கினால் வெயில் பட்டது என்று படுத்துவிடாதீர்கள்; அந்த மருந்தின் நஞ்சாக இருக்கலாம். உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மூச்சு முட்டினால் எதற்கும் காத்திராமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். அடித்த மருந்துப் போத்தலையோ அதன் லேபலையோ கொண்டுவந்தால் எங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

இப்போதெல்லாம் தொழிலைக் கேட்ட கையோடு, "சனி, ஞாயிறில எங்க போறனீங்கள்?" என்றும் கேட்கிறேன். கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் (ஓபிடி) எல்லா டொக்டருக்கும் அது நினைவுக்கு வராது. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதை உங்கள் கந்தோருக்கு நாங்கள் சொல்லமாட்டோம்.